கம்பி எடை மாடலில் ஒன்று, சைட்டில் ஒன்று: பெங்களூரில் கம்பி வேலை எடுப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஊத்தங்கரையான் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம், குடியிருப்பது ராமமூர்த்தி நகர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெங்களூரில் கம்பி வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறேன். கம்பியும் கட்டுக்கம்பியும் பெரிய கம்பெனி இறக்கும். வெட்டி, வளைத்து, கட்டிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கூலி டன் கணக்கு. என்னோடு இருப்பவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள், மீதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள்.

இப்போது ஒயிட்ஃபீல்டு தாண்டி ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலை. இங்கே காகித வரைபடமே கிடையாது. எனக்கு ஒன்று, மேஸ்திரிகளுக்கு ஒன்று என டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். அதில் கட்டடம் முழுவதும் முப்பரிமாண மாடலாக இருக்கிறது. ஆட்களின் வருகைப் பதிவு முகம் காட்டித்தான். அன்றாடம் முடித்த வேலையைச் செயலியில் ஏற்ற வேண்டும். கம்பி வளைக்கும் அட்டவணையான பி.பி.எஸ். கூட மாடலிலிருந்தே வருகிறது.

இவற்றில் நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் திருத்திய வரைபடம் நம் கைக்கு வருவதற்குள் பழைய வரைபடப்படி கட்டி முடித்திருப்போம். அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் கூலி யாரும் தர மாட்டார்கள். இப்போது திருத்தம் வந்த அன்றே டேப்லெட்டில் தெரிகிறது. குழாய் போகிற ஸ்லீவ் எந்த பீமில் எங்கே வருகிறது என்பதையும் கம்பி கட்டும்போதே பார்த்துவிடுகிறோம். கான்கிரீட் போட்ட பிறகு துளையிட வந்து, கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங்கை அறுத்துவிட்டுப் போகும் கொடுமை இந்த சைட்டில் இல்லை.

சிக்கல் பில்லில் வருகிறது. மாடல் சொல்லும் எடைக்குத்தான் பணம் என்கிறார்கள். ராஃப்ட்டை, அதாவது கட்டடம் முழுவதற்குமான அடித்தளப் பலகையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் கனம், சுமார் 600 சதுர மீட்டர். மேல் கம்பி வலையைத் தாங்க 16 மி.மீ. கம்பியை நாற்காலி போல வளைத்து 'சேர்' போட்டோம், சதுர மீட்டருக்கு ஒன்று. ஒரு சேருக்கு இரண்டு கால், தலை, பாதம் எல்லாம் சேர்த்து 2.6 மீட்டர். மீட்டருக்கு 1.58 கிலோ என்றால் ஒரு சேர் நான்கு கிலோவுக்கு மேல். 600 சேருக்கு ஏறத்தாழ இரண்டரை டன். மாடலில் ஒரு சேர்கூட இல்லை. சேர் இல்லாமல் மேல் வலை காற்றிலா நிற்கும்? தூண்களிலும் இதே கதை. சில தூண்களில் லேப், அதாவது ஒரு கம்பியோடு அடுத்த கம்பி சேர்ந்து நிற்கும் நீளம், கணக்கிலேயே வரவில்லை. 25 மி.மீ. கம்பிக்கு 1.25 மீட்டர் லேப் என்று அவர்களுடைய குறிப்பிலேயே இருக்கிறது. பன்னிரண்டு கம்பி உள்ள ஒரு தூணுக்கு ஒரு மாடிக்கு 58 கிலோ விட்டுப்போகிறது.

இன்னொன்று, பணத்தைவிட எனக்கு இதுதான் மனத்தை உறுத்துகிறது. தூணும் பீமும் சேரும் இடத்தில் மாடலில் எல்லாக் கம்பியும் அழகாக உட்கார்ந்திருக்கிறது. சைட்டில் உட்காரவில்லை. 300 மி.மீ. அகல பீமில் ஐந்து 25 மி.மீ. கம்பி. மேஸ்திரி சொன்னால், 'மாடலில் இடம் இருக்கிறதே' என்று சின்ன வயதுப் பொறியாளர் டேப்லெட்டைக் காட்டுகிறார்.

என் மகள் சிவில் டிப்ளமோ கடைசி ஆண்டு. இந்த மாடல் வேலையைத்தான் படிக்கப்போகிறேன் என்கிறாள். நான் இந்த மாடலை எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும், அவள் எங்கிருந்து தொடங்க வேண்டும், பில் விஷயத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய எம்.புக் | செவ்வாய், இரவு 10.55

தம்பி, நான் அரசுப் பணியில் அளவெடுத்தே ஓய்வு பெற்றவன். ஜெயநகரில் இருக்கிறேன். பில்லுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, எடையை எப்படி அளப்பது என்ற பகுதியை வாசியுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு இதில் தெளிவாக இருக்கிறது: அனுமதித்த லேப், கம்பிகளுக்கு இடைவெளி காக்க வைக்கும் அனுமதித்த ஸ்பேசர் கம்பி எல்லாம் அளவில் சேரும், வேலையில் போட்ட நீளத்தை எடுத்து, விட்டத்துக்கான வாய்ப்பாட்டு எடையால் பெருக்க வேண்டும். கழிவும் அனுமதியில்லாத லேப்பும் சேராது. உங்கள் வேலை தனியார் வேலை, அந்த விதி தானாகப் பொருந்தாது. ஆனாலும் பல தனியார் ஒப்பந்தங்கள் அதையோ, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1200-ஐயோ சுட்டியிருக்கும். சுட்டியிருந்தால் சேர், லேப் பற்றிய வாதத்துக்கு அதுவே அடிப்படை.

சூட்சுமம் 'அனுமதித்த' என்பதில் இருக்கிறது. சேர் எத்தனை, என்ன விட்டம், எவ்வளவு இடைவெளி என்று ஒரு சிறு படம் வரைந்து, ராஃப்ட் கட்டுவதற்கு முன்னாலேயே அவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் அது சலுகை கேட்பதாகிவிடும்.

அடுத்தது, கான்கிரீட் போடுவதற்கு முன் கூட்டு அளவு. அவர்கள் பொறியாளரும் உங்கள் ஆளும் சேர்ந்து எண்ணி, கான்கிரீட் போட அனுமதிக்கும் சீட்டான போர் கார்டுடன் இணைத்துக் கையெழுத்திட வேண்டும். கான்கிரீட் விழுந்த பிறகு உள்ளே இருக்கும் கம்பியை எந்தச் செயலியும் எண்ணித் தராது. டேப் வைத்த படங்களை எடுத்து அதே நாளில் மின்னஞ்சலில் அனுப்புங்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்கும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு. அதற்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்பதால் படம் எடுத்த கைப்பேசியை மாற்றினாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

தராசு எடையும் வாய்ப்பாட்டு எடையும் ஒன்றாக இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஐ.எஸ். 1786 தரமே 10 மி.மீ. வரையிலான கம்பிக்கு 7 சதவீதம், 12 முதல் 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. எந்த எடைக்குக் கூலி என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தூக்குக்குண்டு | புதன், காலை 7.15

அண்ணா, நான் பெங்களூரில் பிம், அதாவது இந்தக் கட்டட மாடல் வேலையில், ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பிரிட்டனின் மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவற்றுக்கான மாடல்களை எங்கள் அலுவலகத்தில் செய்கிறோம். அப்பா சேலத்தில் சென்ட்ரிங் மேஸ்திரி. உங்கள் பதிவில் உள்ள ஒவ்வொரு வரியும் எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் புரிகிறது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடலில் சேர் ஏன் இல்லை? யாரும் வேண்டுமென்றே விட்டதாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் எவ்வளவு விவரம் என்று ஒரு நிலை உண்டு, எல்.ஓ.டி. என்பார்கள். 300 என்றால் தூண், பீம், ஸ்லாப் ஆகியவற்றின் அளவும் இடமும் சரியாக இருக்கும். 350 என்றால் ஒன்றோடொன்று எப்படி இணைகிறது என்பதும் வரும். பட்டறையில் வெட்டி வளைத்துக் கட்டும் அளவுக்கு விவரம் வேண்டுமானால் 400. கட்டமைப்பு வடிவமைப்பாளர் தரும் மாடலில் சேர் இருக்காது. கட்டும்போது தேவைப்படும் துணைக் கம்பி அது, சைட்டில் முடிவாவது. அவருடைய கணக்கு கட்டடம் நிற்பதற்கானது. அதே மாடலிலிருந்து எடையை இறக்கிக் கூலி பில் போடுவதுதான் தவறு. அடுத்த சைட் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இந்த மாடலில் கம்பி எந்த எல்.ஓ.டி.யில் இருக்கிறது?' 400 இல்லை என்றால் அந்த எடை மதிப்பீடு மட்டுமே. அதை இறுதி அளவு என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது பீமும் தூணும் சேரும் இடம். உங்கள் மேஸ்திரி சொல்வது முழுக்கச் சரி. கணக்கைப் பாருங்கள். 300 மி.மீ. அகலம். இரு பக்கமும் கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 30 மி.மீ., ரிங் 8 மி.மீ. மீதி 224. ஐந்து 25 மி.மீ. கம்பி 125 எடுத்துக்கொண்டால் 99 மி.மீ. மிச்சம், நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456-இன் 26.3.2 விதி, 20 மி.மீ. ஜல்லிக்குக் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது. கணினி இதைப் பார்த்துவிட்டு 'இடம் இருக்கிறது' என்று சொல்லிவிடும். ஆனால் முறுக்குக் கம்பியின் மேல் புடைத்த வரிகள் இருக்கின்றன. 25 மி.மீ. கம்பியை வரியோடு சேர்த்து அளந்தால் சுமார் 28 வரும். ஐந்துக்கு 140. மிச்சம் 84, இடைவெளி 21. இதற்குள் தூணின் கம்பியும் நுழைய வேண்டும், குறுக்கே வரும் பீமின் கம்பியும் தாண்ட வேண்டும். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி எங்கே இறங்கும்? ஜல்லி மேலேயே தங்கி, பலகை பிரித்தால் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடாக நிற்கும். பூகம்பம் வந்தால் கட்டடம் முதலில் சோதிக்கப்படும் இடம் இந்தச் சந்திப்புதான்.

இதை மாடலில் சரியாகக் காட்ட முடியும். வரியோடு கூடிய விட்டத்தைக் கொடுத்தால் போதும், மோதும் இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். ஆனால் அந்த விட்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று மாடல் செய்பவருக்குத் தோன்றாது. அவர் கம்பியைக் கையில் பிடித்ததே இல்லை. உங்கள் மேஸ்திரிக்கு அது கைப்பழக்கம். நம் நாட்டுக் கட்டுமானத் துறை டிஜிட்டலாக மாறுகிறது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே தகவல் வருவதைத்தான் சொல்கிறார்கள். கீழிருந்து மேலே போகும் வழி அடைத்திருக்கிறது. டேப்லெட்டில் உங்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்திருப்பார்கள். குறிப்பு எழுதும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது. அதைக் கேட்டு வாங்குங்கள். சேர், லேப், சந்திப்பு நெருக்கம் என்று மேஸ்திரி மாடலிலேயே அந்த இடத்தைத் தொட்டுக் குறிப்புப் போட முடிந்தால், நேரமும் பெயரும் தானாகப் பதிவாகும். மூன்று மாதம் கழித்துப் பில்லில் தகராறு வந்தால் அந்தக் குறிப்பு உங்களுக்காகப் பேசும். அதைவிட முக்கியம், வடிவமைப்பாளர் அடுத்த மாடியில் ஐந்து 25-ஐ இரண்டு அடுக்காகப் பிரித்துத் தரலாம், அல்லது கம்பி எண்ணிக்கையையே மாற்றித் தரலாம்.

பிரிட்டனில் இது எப்படி வந்தது என்று சொல்கிறேன், நான் செய்வது அந்த நாட்டு வேலை என்பதால். 2011-இல் அந்த அரசு அறிவித்தது: ஐந்து ஆண்டு அவகாசம், 2016-க்குள் மத்திய அரசுப் பணிகள் எல்லாம் மாடல் வழியாகத்தான். தகவலை யார், எப்போது, எந்த வடிவில் தர வேண்டும் என்பதற்குத் தனித் தரநிலை எழுதினார்கள். அதுவே 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19650 ஆக உலகத் தரமானது. சிங்கப்பூர் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மாடலாகவே அனுமதி விண்ணப்பம் கேட்டது. இந்தியாவிலும் நாக்பூர் மெட்ரோ காலமும் செலவும் சேர்ந்த ஐந்து பரிமாண மாடலோடு கட்டப்பட்டது. ஆனால் எல்லாக் கட்டடங்களுக்குமான பொது விதி நம்மிடம் இல்லை. தனியார் வேலையில் மாடலில் எது கணக்கு, எது கணக்கில்லை என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி எழுதிக்கொள்கிறது. லண்டனில் ஒரு மருத்துவமனைக்கு எந்தக் கதவு எங்கே என்று வரி வரியாகத் தகவல் கொடுக்கும் பெண்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டில் கம்பி கட்டுகிறவருக்கு இரண்டரை டன் எங்கே போயிற்று என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு இது ஆறவே ஆறாத வருத்தம்.

மகள் விஷயம் தனியாக எழுதுகிறேன்.

ஹெப்பால் சைட் | புதன், பிற்பகல் 1.30

நான் பெரிய கம்பெனிப் பக்கத்தில் இருப்பவன், திட்ட மேலாளர். எங்கள் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

மாடல் எடையை வரம்பாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இறங்கிய கம்பி, கட்டிய கம்பி, மீதித் துண்டு என்று மாதக் கடைசியில் சரிபார்க்கும்போது கணக்கு இடித்தது பல சைட்டுகளில் நடந்திருக்கிறது. எல்லாத் துணை ஒப்பந்தக்காரரும் ஊத்தங்கரை அண்ணனைப் போல ஒவ்வொரு சேரையும் எண்ணுபவர்கள் அல்லர். செயலியில் அன்றாடம் ஏற்றச் சொல்வதும் ஆட்களை வேவு பார்ப்பதற்காக அல்ல. வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி, வீடு வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை எவ்வளவு முடிந்தது என்று பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்கர் மூவரும் சான்று கொடுத்தால்தான் அதிலிருந்து எடுக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்றத்தை இணையத்தில் ஏற்றவும் வேண்டும். கடன் கொடுத்த வங்கியும் கேட்கிறது. ஹெல்மெட்டில் 360 டிகிரி கேமரா கட்டிக்கொண்டு மாடி மாடியாக நடப்பதும், அந்தப் படத்தை மாடலோடு ஒப்பிடுவதும் இதற்காகத்தான். பணம் வேகமாக வந்தால் உங்கள் பில்லும் வேகமாகப் போகும்.

ஆனால் சேரை விட்டது தவறு. எங்கள் சைட்டில் துணைக் கம்பிக்குப் பில்லில் தனி வரி வைத்திருக்கிறோம்: ஒப்புதல் படம், கூட்டு எண்ணிக்கை, தனி எடை. அதைக் கேளுங்கள், கொடுப்பார்கள். லேப் மாடலில் வரவில்லை என்றால் அது மாடல் பிழை, எழுத்தில் தெரிவியுங்கள்.

அல்சூர்வாசி | புதன், இரவு 8.20

அண்ணன் முகம் காட்டி வருகைப் பதிவு பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டார். நான் கட்டடத் தொழிலாளர்களை நல வாரியத்தில் பதியும் வேலையில் தன்னார்வமாக உதவுகிறேன். என் பார்வையில் இந்தத் திரியில் பேச வேண்டிய பெரிய விஷயம் அது.

வாரியத்தில் பதிவதற்கு 18 முதல் 60 வயது, கடந்த பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். நம் தொழிலாளர்கள் தடுக்கி விழும் இடமே அந்தச் சான்று. ஒரு சைட்டில் இருபது நாள், இன்னொன்றில் முப்பது நாள். மேஸ்திரி மாறிவிடுவார், கையெழுத்துப் போட ஆள் இருக்காது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்கான செஸ்ஸாக வசூலாகிறது. அந்தப் பணம் யாருக்கானதோ, அவர் 90 நாளை நிரூபிக்க முடியாமல் வாசலில் நிற்கிறார்.

இப்போது கம்பெனியின் சர்வரில் அவர் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்று எல்லாம் இருக்கிறது. அந்த வருகைத் தாளை மாதம் ஒரு முறை தொழிலாளியின் பெயரில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அவருடைய கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனிக்கு ஒரு செலவும் இல்லை. தொழிலாளிக்கு மகப்பேறு உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி எல்லாவற்றுக்கும் கதவு திறக்கிறது.

அதோடு, முகம் பதிவாகவில்லை என்றால் அன்றைய கூலி என்னாகும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழியாகப் படமெடுத்துத்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத இடங்களில் வேலை செய்தும் கூலி கிடைக்கவில்லை என்ற புகார்கள் பல மாநிலங்களில் எழுந்தன. அடித்தளப் பள்ளத்திலும் சிக்னல் கிடைக்காது. கைரேகை இயந்திரம் வைத்திருந்தாலும் சிமெண்டில் தேய்ந்த விரலை அது ஏற்காது. இயந்திரம் ஏற்கவில்லை என்றால் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் செல்லும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பீகாரிலிருந்து வந்த பையனுக்கு அந்த ஒரு வரி ஒரு நாள் சாப்பாடு.

தூக்குக்குண்டு | புதன், இரவு 10.05

அல்சூர் அண்ணா, இதை நான் யோசித்ததில்லை. மிக்க நன்றி. எங்கள் கூட்டங்களில் இந்த 90 நாள் பற்றி ஒருவர்கூடப் பேசிக் கேட்டதில்லை.

இப்போது மகளுக்கு. முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று மாதத்தில் மாடல் வேலை, உறுதியான வேலைவாய்ப்பு என்று பெரும் தொகை வாங்கும் பயிற்சி நிலையங்களில் உடனே பணம் கட்டாதீர்கள். கருவியை எங்கும் கற்கலாம். மாடல் செய்யும் மென்பொருளான ரெவிட் மாணவர்களுக்கு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். கம்பி விவரத்துக்கு டெக்லா என்ற மென்பொருள் மிகவும் பொருத்தம், மாணவர்களுக்கான இலவச உரிமம் அதற்கும் உண்டு. மாடலைத் திறந்து பார்க்க மட்டும் நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம் போதும், யாரும் இலவசமாக இறக்கலாம். இது உங்களுக்கும்தான் அண்ணா, வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். திட்டமிடல் பற்றி ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன.

ஆனால் அவளுக்கு எந்த நிலையமும் தராத ஒன்று வீட்டில் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் சில வாரங்கள் உங்கள் சைட்டுக்கு அழைத்துப் போங்கள். ஒரு பீமுக்கு அவளே கையால் பி.பி.எஸ். போடட்டும். உங்கள் மேஸ்திரி அதைத் திருத்தட்டும். பிறகு அதே பீமை டெக்லாவில் செய்து, மேஸ்திரி கட்டியதோடு ஒப்பிடட்டும். எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போது பத்து மென்பொருள் பெயர் எழுதியவர்கள் நிறைய வருகிறார்கள். சேர் எதற்கு என்று கேட்டால் பதில் தெரிந்தவர் அபூர்வம். கம்பியும் தெரிந்து மாடலும் தெரிந்த பெண்ணுக்கு இந்த ஊரில் நல்ல இடம் இருக்கிறது, இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

ஊத்தங்கரையான் | வியாழன், இரவு 9.10

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மகளும் மேஸ்திரியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தோம். வெர்னியர் காலிப்பரால் 25 மி.மீ. கம்பியை வரியோடு அளந்து பார்த்தாள். 28 வந்தது.

இன்னொன்று கேட்கலாமா? அல்சூர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் கட்டடத்தை அச்சடிக்கிற இயந்திரத்தால் தபால் நிலையம் கட்டியிருக்கிறார்கள் என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். இனிமேல் நமக்கு வேலை இருக்குமா என்று பையன்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல?

பழைய எம்.புக் | வியாழன், இரவு 9.50

அந்தத் தபால் நிலையத்தை நேரில் போய்ப் பார்த்தேன். 1,021 சதுர அடி. எல் அண்டு டி கட்டியது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் தொழில்நுட்ப வழிகாட்டியது, 43 நாளில் முடிந்தது, 2023 ஆகஸ்டில் திறந்தார்கள். அதற்கு முன்பே 2021-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் அங்கே படித்தவர்களின் நிறுவனம் 600 சதுர அடி வீடு ஒன்றை இதே முறையில் கட்டியது. சுவரில் அடுக்கடுக்காகக் கலவை படிந்த கோடுகள் தெரியும். பையன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய்க் காட்டுங்கள், வெளியிலிருந்தே தெரியும். பார்த்தால் பயம் குறையும். இத்தகைய சுவர்களிலும் கம்பியை நிறுத்துவது பெரும்பாலும் மனிதக் கைதான்.

உங்கள் தொழிலுக்கு உண்மையான மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தொழிற்சாலையிலேயே வெட்டி வளைத்து, சீட்டுக் கட்டி வரும் கம்பி. வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் பிரீகாஸ்ட். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளைப் பிரீகாஸ்ட்டில் கட்டி 2022-இல் திறந்தார்கள். அங்கே கம்பி வேலை இருந்தது, ஆனால் தொழிற்கூடத்தின் கூரைக்கு அடியில். வெட்டும் மேடையில் இருப்பவர்களின் வேலை முதலில் குறையும். கட்டுபவர்களின் வேலை அவ்வளவு விரைவில் போகாது. வெட்டும் ஆட்களுக்கு இப்போதே கட்டவும், சீட்டைப் படித்துச் சரிபார்க்கவும் கற்றுக்கொடுங்கள். டன் கூலி ஒப்பந்தத்தில், வெட்டி வளைத்த கம்பி வந்தால் விகிதம் எவ்வளவு என்று இப்போதே தனியாகப் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் லாரி வந்து நிற்கும், விகிதத்தை அவர்களே குறைத்துவிடுவார்கள்.

ஹெப்பால் சைட் | வியாழன், இரவு 10.30

ஐயா சொன்னது உண்மை. எங்கள் அடுத்த திட்டத்தில் பாதிக் கம்பி அப்படித்தான் வரப்போகிறது.

ஊத்தங்கரையான் | செவ்வாய், இரவு 9.25

நேற்றுக் கூட்டம் நடந்தது. எல்.ஓ.டி. எவ்வளவு என்று கேட்டேன். 300 என்றார்கள், கம்பி மட்டும் சில இடங்களில் கூடுதல் விவரத்தோடு என்றார்கள். அடுத்த கோபுரத்தின் ராஃப்ட்டிலிருந்து சேருக்குத் தனி வரி, கட்டுவதற்கு முன் ஒப்புதல் படம், கான்கிரீட்டுக்கு முன் கூட்டு அளவு என்று ஒத்துக்கொண்டார்கள். லேப் விட்டுப்போன தூண்களை மாடலில் திருத்தித் தருவார்கள். முடிந்துபோன ராஃப்ட்டின் இரண்டரை டன் இன்னும் பேச்சில் இருக்கிறது. படங்கள் என்னிடம் இருக்கின்றன, விட மாட்டேன். மேஸ்திரிகள் இருவருக்கும் மாடலில் குறிப்பு எழுதும் உரிமை வந்துவிட்டது. பீம் சந்திப்பைப் பற்றி முதல் குறிப்பைப் போட்டது எங்கள் மூத்த மேஸ்திரி, தமிழிலேயே எழுதினார். வடிவமைப்பாளர் வரும் வாரம் சைட்டுக்கு வருகிறாராம்.

வருகைத் தாளை மாதந்தோறும் தருவது பற்றி மேலிடத்தில் கேட்க வேண்டும் என்கிறார்கள். அல்சூர் அண்ணா, வாரியப் பதிவுக்கு எந்தப் படிவத்தில் இருந்தால் ஏற்பார்கள் என்று சொன்னால் அதையே கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஐயா, கூட்டு அளவுத் தாளுக்கு ஒரு மாதிரி கிடைக்குமா?

அல்சூர்வாசி | செவ்வாய், இரவு 9.45

தனிச்செய்தியில் அனுப்புகிறேன் அண்ணா. ஒடிசாப் பையன்களின் ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில் வருகைத் தாளிலும் இருக்க வேண்டும், அதை மட்டும் இப்போதே சரிபாருங்கள். நிராகரிப்பு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

பழைய எம்.புக் | செவ்வாய், இரவு 10.00

மாதிரி எதற்கு, நோட்டிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடமும் மாடலில் உள்ள அடையாள எண்ணும், கம்பிக் குறி, விட்டம், எண்ணிக்கை, ஒன்றின் வெட்டு நீளம், மொத்த நீளம், மீட்டர் எடை, மொத்த எடை. கடைசியில் லேப் தனி, சேர் தனி, ஸ்பேசர் தனி. கீழே இருவர் கையெழுத்து, தேதி, நேரம். மாடலின் எந்தத் திருத்த எண்ணைப் பார்த்து அளந்தீர்கள் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். அதை விட்டால் அடுத்த திருத்தம் வந்ததும் கணக்கு மீண்டும் குழம்பும்.